வெர்சாயா, வோ லெ விகோம்தா? கையில் ஒரே ஒரு நாள் இருந்தால்

பாரிசுக்கு வருகிற சொந்தக்காரர்கள் கடைசியில் கேட்பது ஒரே கேள்விதான்: "ஒரு நாள் மிச்சம் இருக்கு, வெர்சாய் போயிட்டு வந்துடலாமா?" போகலாம், யார் தடுத்தது. ஆனால் அவசரமில்லாமல் ஒரு அரண்மனையைப் பார்த்துவிட்டுத் தோட்டத்தில் காலாற நடக்க வேண்டும், தோன்றுகிற இடத்தில் உட்கார வேண்டும் என்று நினைக்கிறவர்களை நான் வோ லெ விகோம்துக்குத்தான் அனுப்புவேன். பாரிசுக்குத் தென்கிழக்கே சுமார் 55 கிலோமீட்டர்.

இரண்டையும் சேர்த்துப் பேசக் காரணம் இருக்கிறது. இன்று நாம் பார்க்கிற வெர்சாயைவிட வோதான் மூத்தது. பதினான்காம் லூயியின் நிதிப் பொறுப்பாளர் நிக்கோலா ஃபூக்கே கட்டிய மாளிகை அது. கட்டடம் லூயி லெ வோ, ஓவியமும் அலங்காரமும் ஷார்ல் லெ ப்ரன், தோட்டம் ஆந்திரே லெ நோத்ர். 1661 ஆகஸ்ட் 17 அன்று ராஜாவையே அழைத்து விருந்து வைத்தார் ஃபூக்கே. மொலியேரின் புது நாடகம், வாணவேடிக்கை, எல்லாம் தடபுடல். செப்டம்பர் 5 அன்று கைது. அவரைக் கவிழ்க்கும் வேலையை ராஜாவின் இன்னொரு அதிகாரியும் ஃபூக்கேயின் போட்டியாளருமான கொல்பேர் முன்பே தொடங்கியிருந்தார், விருந்து எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது, அவ்வளவுதான். நீதிமன்றம் நாடுகடத்தச் சொன்னது, ராஜா அதை ஆயுள் சிறையாக்கினார், 1680-ல் ஃபூக்கே சிறையிலேயே செத்தார். அவருடைய ஆட்கள் மூவரும் அப்படியே வெர்சாய்க்குப் போனார்கள், ஆரஞ்சு மரங்களும் கூடப் போயின.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் வெர்சாய்தான் கை ஓங்கி நிற்கும், அதில் சந்தேகமே இல்லை. கண்ணாடி மண்டபம் மட்டும் 73 மீட்டர் நீளம், 357 கண்ணாடிகள், முதல் உலகப் போரை முடித்த ஒப்பந்தம் 1919-ல் கையெழுத்தானது அங்கேதான். நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் உண்டு: திப்பு சுல்தானின் தூதர்கள் புதுச்சேரியில் கப்பலேறி வந்து, 1788-ல் பதினாறாம் லூயியைச் சந்தித்தது இதே அரண்மனையின் ஹெர்குலிஸ் கூடத்தில். ஆனால் கூட்டம்! நல்ல சீசனில் நாம் நடப்பதில்லை, பின்னால் வருகிறவர்கள் தள்ளிக்கொண்டு போகிறார்கள். கூரை ஓவியத்தை அண்ணாந்து பார்த்தால் எதிரே தூக்கிப் பிடித்த செல்போன்கள்தான் முதலில் தெரியும்.

வோ சின்னது. ஆனால் ஒரு அறையில் பத்து நிமிடம் நின்றாலும் யாரும் இடிக்க மாட்டார்கள். ராஜாவுக்கென்று தயாரித்த படுக்கையறை இருக்கிறது, விருந்தன்று அவர் அதில் தங்காமலே தன் ஃபோந்தேன்புளோ அரண்மனைக்குத் திரும்பிவிட்டார். நடுவில் இருக்கும் முட்டை வடிவப் பெரிய கூடத்தில் மேலே பாருங்கள். அந்தக் குவிமாடத்துக்கு லெ ப்ரன் போட்ட ஓவியத் திட்டம் கைதோடு நின்றுபோனது. இப்போது அங்கே இருப்பது பிற்காலத்தில் தீட்டிய வெறும் வானம். எனக்கு வெர்சாயின் தங்கம் முழுவதையும்விட அந்த வெறும் வானம்தான் பிடிக்கும். கீழே செம்புப் பாத்திரங்கள் வரிசையாகத் தொங்கும் சமையலறையையும் விட்டுவிடாதீர்கள்.

தோட்டத்தில்தான் வோ ஜெயிக்கிறது. மாளிகையின் பின்படிக்கட்டில் நின்றால் முழுத் தோட்டமும் உள்ளங்கையில் இருப்பது போலத் தெரியும், கடைசியில் சதுரக் குளத்தை ஒட்டியே குகை மாடங்கள் கொண்ட ஒரு சுவர், அவ்வளவுதானே என்று நடக்கத் தொடங்குவீர்கள். நடக்க நடக்கச் சுவர் நகர்ந்துகொண்டே போகும். அப்புறம் திடீரென்று காலடியில் தரை இறங்கி, குறுக்கே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய்! படிக்கட்டிலிருந்து அது தெரியவே தெரியாது. மட்டங்களையும் அளவுகளையும் தூரத்துக்கு ஏற்ப மாற்றி லெ நோத்ர் செய்த கண்கட்டு வித்தை. கால்வாயைச் சுற்றிக்கொண்டுதான் அந்தப் பக்கம் போக வேண்டும், மேலே ஹெர்குலிஸ் சிலைவரை ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மாளிகை பொம்மை மாதிரி நிற்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வாடகைக்குச் சின்ன மின்வண்டி உண்டு, கௌரவம் பார்க்க வேண்டாம்.

வெர்சாய் தோட்டம் இதைவிடப் பல மடங்கு பெரியது. அத்தனை நீரூற்றுகளுக்கும் தண்ணீர் போதாமல், ராஜா வருகிற திசையைப் பார்த்து ஆட்கள் விசிலடித்துச் சொல்ல, ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார்களாம். நீங்கள் வெர்சாய்தான் என்று முடிவு செய்துவிட்டால் ஒரு யோசனை: பெரிய அரண்மனையை விட்டு, நேராக அதே வளாகத்தில் இருக்கும் திரியானோன் சிறு மாளிகைகள் பக்கம் போய், பதினாறாம் லூயியின் ராணி மரி அந்துவானெத்துக்காகக் கட்டிய சின்னக் கிராமத்தில் ஒரு மதியத்தைக் கழியுங்கள். திரியானோன் மாளிகைகள் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும், அதனால் காலையில் நன்றாகத் தூங்கலாம். திங்கட்கிழமை விடுமுறை. செவ்வாய் வேண்டவே வேண்டாம், அன்று லூவர் மூடியிருப்பதால் அந்தக் கூட்டமும் இங்கேதான் வரும்.

போக்குவரத்தில் வெர்சாய்க்கே என் ஓட்டு. ஆர்.ஈ.ஆர். சி ரயிலில் ஏறினால் இறங்கிப் பத்து நிமிட நடை. வோவுக்கு மெலன்வரை ரயிலில் போய் அங்கிருந்து டாக்சி பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பாரிசின் கிழக்கு ரயில் நிலையத்தில் ஏறி வெர்னேய் லெத்தாங்கில் இறங்கி, பஸ் ஓடும் நாளாக இருந்தால் அதில் போக வேண்டும். கோடைக்காலச் சனிக்கிழமை இரவுகளில் வோவில் 2000 மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்கள். அதற்குப் போகிறவர்கள், திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு அப்புறம் டிக்கெட் எடுங்கள், நான் ஒருமுறை தலைகீழாகச் செய்து, நள்ளிரவில் டாக்சிக்குக் கொடுத்த காசில் இன்னொரு முறை வோ போய் வந்திருக்கலாம்.