ரிஷிவேலியின் ஏணியும் அட்டையும்: சித்தூர்ப் பக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு

‘குழந்தை மையக் கல்வி’ என்ற பலகையை நம்பிப் பிள்ளையைச் சேர்க்கும் முன், அந்தச் சொல்லுக்கு வகுப்பறையில் என்ன உருவம் என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சித்தூர், பலமனேர், குப்பம் பக்கம் இருப்பவர்களுக்கு மதனப்பள்ளி வரை போனால் போதும்.

1895-ல் மதனப்பள்ளியில் பிறந்த சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பெயரோடு சேர்ந்தது ரிஷிவேலிப் பள்ளி. ஊருக்கு அருகே உள்ள பள்ளத்தாக்கில் இடம் தேர்வானது 1926-ல். பயந்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது. ஒப்பிடுவதும் ரேங்க் போடுவதும் பயத்தைத்தான் வளர்க்கும் என்பது அவர் பிடித்த பிடி. சாயங்காலம் பிள்ளைகள் பேசாமல் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்கும் ‘அஸ்தாசல்’ வழக்கமும் அங்கே உண்டு. முதன்மைப் பள்ளி விடுதியோடு கூடிய ஆங்கில வழிப் பள்ளி, பாடத்திட்டம் ஐ.சி.எஸ்.இ. அது எல்லார் கைக்கும் எட்டாது. எங்கள் மதிப்பீடு சுற்றுக் கிராமங்களில் அதன் கிராமக் கல்வி மையம் நடத்தும் ஓராசிரியர் பள்ளிகளைப் பற்றியது. அந்த மையத்தின் பத்மநாப ராவும் ராமாவும் 1980-களின் பிற்பகுதியிலிருந்து அங்கே வளர்த்தெடுத்த ஏணி, அட்டை முறைதான் இந்தப் பள்ளத்தாக்கு நாட்டுக்குத் தந்த பெரிய கொடை.

சுவரில் தொங்கும் படத்தாள்தான் ஏணி. ஒரு பாடத்தின் முழுப் பாதையும் சின்னச் சின்னப் படிகளாக அதில் இருக்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னமும் எண்ணும் உண்டு. பிள்ளை தான் விட்ட படியை விரலால் தொட்டுக் கண்டுபிடிக்கும். அதே சின்னம் ஒட்டிய தட்டிலிருந்து அதே எண்ணுள்ள அட்டையை எடுக்கும். அட்டை சொல்லும் குழுவில் போய்ப் பாயில் உட்காரும். குழுக்கள் நான்கு: ஆசிரியரின் முழு உதவி, பகுதி உதவி, சக பிள்ளையின் உதவி, தானே செய்வது. அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு, தடுமாறினால் குறைதீர் அட்டை, தேறினால் வளமூட்டும் அட்டை என்று ஒரு கண்ணி முடிந்த பிறகே அடுத்தது. சுவரின் அடியில் பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை. ஆசிரியரும் தரையில்தான்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003-ல் இதை எடுத்துச் சென்று செயல்வழிக் கற்றல் ஆக்கின; பிறகு தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போனது. பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடும் கம்பிப்பந்தலும், அவர்களே வருகையைக் குறிக்கும் சுயவருகைப் பதிவேடும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி.

பெரிய பலம் விடுப்புக்குப் பிறகு தெரியும். தக்காளி பறிப்புக்குப் பெற்றோரோடு போய்ப் பத்து நாள் வராத பிள்ளை, வழக்கமான வகுப்பில் பத்துப் பாடம் பின்தங்கி நிற்கும். இங்கே பதினெட்டாம் படியில் விட்டுப் போனால் பதினெட்டாம் படியிலேயே தொடங்கும். ‘நீ பின்னால’ என்று சொல்ல யாருக்கும் இடமில்லை. எங்களுக்கு இந்த ஒன்றுக்காகவே இந்த முறையின் மேல் அவ்வளவு மதிப்பு.

கெடுவது எங்கே? முதலில் அட்டையில். ஒன்று தொலைந்தால் அந்தக் கண்ணியில் அத்தனை பேரும் முட்டி நிற்பார்கள். வாரம் ஒருமுறை தட்டுவாரியாக எண்ணிச் சரிபார்த்து, தொலைந்ததைக் கையால் எழுதியாவது அன்றே வைக்க வேண்டும். அடுத்தது, கூட்டம். ஓர் ஆசிரியருக்கு முப்பது பிள்ளைகளுக்கு மேல் போனால் முழு உதவிக் குழு வீங்கிவிடும். மற்ற குழுக்களில் உதவி என்ற பெயரில் பார்த்து எழுதுவது தொடங்கும். இன்னொன்று கவனிக்காமல் விடப்படுவது: ஏணியே பந்தயமாகிவிடுவது. ‘உன் மகன் எத்தனாவது படி?’ என்று பெற்றோர் கேட்க ஆரம்பித்தால், ஒழித்த ரேங்க் பின்வாசல் வழியாக வந்துவிட்டது.

இந்தக் கிராமப் பள்ளிகளில் படிப்பு தெலுங்கில் என்பதால் தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் ‘க’ ஒன்றே கல்லில் ஒரு ஒலியும் தங்கத்தில் இன்னொரு ஒலியும் தரும்; எங்கே எந்த ஒலி என்று பிள்ளை யோசிப்பதே இல்லை. தெலுங்கில் அந்த இடத்தில் நான்கு தனி எழுத்துகள். பிள்ளைக்குச் சொல் புரியும், வாய் சரியாகச் சொல்லும், எழுதும்போது மட்டும் எழுத்து மாறும். இதை மந்தம் என்று எடுத்துக்கொண்டு குறைதீர் அட்டையையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் பிள்ளை சலித்துவிடும். கல்லின் ‘க’, தங்கத்தின் ‘க’ போன்ற ஒலி இணைகளை வைத்து நான்கைந்து அட்டைகள் கூடுதலாகச் செய்து பகுதி உதவிக் குழுவில் போடச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த ஆசிரியர் இருந்தால் வேலை பாதி.

இந்த முறை இருப்பதாகச் சொல்லும் வேறு பள்ளியைப் பார்க்கப் போனால் காலையில் போய் ஒரு மணி நேரம் ஓரமாக உட்காருங்கள். அட்டைகளின் மூலை மழுங்கியிருக்கிறதா, இல்லை பளபளவென்று பீரோவில் இருக்கிறதா பாருங்கள். ஏதாவது ஒரு பிள்ளையிடம் ‘அடுத்து என்னப்பா செய்யப்போற?’ என்று கேளுங்கள். ஆசிரியர் முகத்தைப் பார்க்காமல் ஏணியைக் காட்டினால் தாராளமாகச் சேர்க்கலாம். தினமும் நோட்டு நிறைய வீட்டுப்பாடமும் மாதத் தேர்வு மதிப்பெண்ணும் வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. சேர்த்துவிட்டுப் பாதியில் மாற்றினால் அலைவது பிள்ளைதான்.