கடையில் ஜெயிக்கும் ஜாஸ், மேடையில் ஜெயிக்கும் ப்ரிசிஷன்

பேஸ் கிட்டாரைத் தனியாக மீட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். வாங்கி வந்த பிறகு அது தனியாக ஒலிக்கும் நேரம் மிகக் குறைவு. டிரம்ஸ், கீபோர்டு, கிட்டார், பாடுபவர் என்று நாலு பேருக்கு நடுவில்தான் அதன் பிழைப்பு. பேஸில் பெயர்பெற்ற இரண்டு மாடல்களில் எதை வாங்கலாம், ‘ப்ரிசிஷனா, ஜாஸா?’ என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். எங்கள் மெல்லிசைக் குழுவுக்காக அண்மையில் ஒரு ப்ரிசிஷன் வகை பேஸ் வாங்கினேன். நண்பரிடம் ஏறத்தாழ அதே விலையில் ஒரு ஜாஸ் வகை இருக்கிறது. ஒரே ஆம்ப், ஒரே கேபிள், ஒரே கனத்தில் கம்பிகள் என்று வைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தோம்.

இரண்டுமே கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டரின் கலிஃபோர்னியப் பட்டறையிலிருந்து வந்தவை. ப்ரிசிஷன் 1951இல் வந்தது. இப்போது நாம் பார்க்கும், இரண்டாகப் பிளந்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்) அதில் ஏறியது 1957இல். ஜாஸ் 1960இல் வந்தது. இன்று கடைச் சுவரில் தொங்கும் நான்கு கம்பி பேஸ்களில் பெரும்பாலானவை, மேலே எந்தக் கம்பெனி பெயர் இருந்தாலும், இந்த இரண்டில் ஒன்றின் வாரிசு அல்லது இரண்டின் கலவை.

கையில் எடுத்தவுடன் தெரியும் வித்தியாசம் நெக், அதாவது இடது கை பிடிக்கும் கழுத்துதான். ஸ்கேல், அதாவது கம்பி அதிரும் நீளம், இரண்டுக்கும் ஒன்றே, 34 அங்குலம். ஆனால் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் நட் என்ற பட்டை இருக்கும் இடத்தில் ஜாஸின் அகலம் 38 மி.மீ., இன்றைய ப்ரிசிஷன்களில் பெரும்பாலும் 41, 42 மி.மீ. நாலு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். முதல் ஐந்து ஃபிரெட்டுக்குள் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு இடது மணிக்கட்டைக் கேளுங்கள், அது சொல்லும். விரல் குட்டையானவர்களுக்கும், சாதா கிட்டாரிலிருந்து பேஸுக்கு வருபவர்களுக்கும் ஜாஸ் உடனே பிடித்துப்போகும். ப்ரிசிஷனின் நெக் முதலில் கட்டை மாதிரித்தான் இருந்தது. பழகியபின் அதற்கும் ஒரு சௌகரியம் தெரிந்தது: கம்பிகளுக்கு நடுவே இடம் கொஞ்சம் கூடுதல் என்பதால் பக்கத்துக் கம்பியில் விரல் தவறிப் படுவது குறைந்தது.

ஆனால் இடது கைக்கு உண்மையான சோதனை அகலம் அல்ல, நீளம். 34 அங்குல ஸ்கேலில் முதல் நான்கு ஃபிரெட்டுகள் மட்டுமே சுமார் 18 செ.மீ. தூரத்தை எடுத்துக்கொள்கின்றன. ‘ஒரு ஃபிரெட்டுக்கு ஒரு விரல்’ என்று யூடியூபில் சொல்வதை அந்த இடத்தில் செய்யப் பார்த்தால் நரம்பு இழுத்துக்கொள்ளும். அங்கே ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றை வைத்துக் கையை நகர்த்தி வாசிப்பதுதான் நல்லது. இதில் ப்ரிசிஷன், ஜாஸ் இரண்டும் ஒரே கட்சி. அதுவும் முடியாது என்றால் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸ் பக்கம் போகலாம். அதன் ஒலி வேறு, அது வேறு கதை.

இனி ஒலிக்கு வருவோம். சண்டை முழுவதும் இங்கேதான்.

ப்ரிசிஷனில் பிக்கப் ஒன்றுதான், இரண்டு துண்டாக. ஒரு துண்டு ஈ, ஏ கம்பிகளுக்கு, இன்னொன்று டி, ஜி கம்பிகளுக்கு. ஒரு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான். திருப்புவதற்கு வேறு எதுவும் இல்லாததால் கடையில் ஐந்தே நிமிடத்தில் அலுத்துவிடும். ஒலியும் முதல் தடவை கேட்கும்போது கொஞ்சம் மொத்தையாக, முன்பக்கம் தள்ளிக்கொண்டு வருவது போலத்தான் இருக்கும். அதன் பலம் லோ-மிட் எனப்படும், ஆழத்துக்குச் சற்று மேலே உள்ள ஒலிப் பகுதி. தனியாகக் கேட்கும்போது அது மூக்கடைத்த மாதிரி ஒரு நெருக்கத்தைத் தரும்.

ஜாஸில் பிக்கப் இரண்டு: ஒன்று நெக் பக்கம், ஒன்று கம்பிகள் முடியும் பிரிட்ஜ் பக்கம், ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம், பொதுவாக ஒரு டோன். இரண்டையும் முழுதாகத் திறந்து வைத்தால், கம்பியின் இரு வேறு இடங்களில் எடுத்த ஒலிகள் ஒன்றோடொன்று சேரும்போது நடு அலைவரிசைகளில் சில ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிச்சம் இருப்பது கீழே ஒரு அகலம், மேலே ஒரு பளபளப்பு. கடையில் காதுக்குத் தேன். கட்டைவிரலால் கம்பியை அடித்து ஸ்லாப் செய்தால் கேட்கவே வேண்டாம். 1977 ஜாஸ் பேஸோடு பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லர் இத்தனை ஆண்டுகளாகச் செய்துவருவது இந்தக் குணத்தை வைத்துத்தான். பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் திறந்தால் ஒலி கூர்மையாகி ஒவ்வொரு ஸ்வரமும் தனியாகப் பேசும். இன்னொரு பேஸ் கலைஞரான ஜாக்கோ பஸ்டோரியஸ் ஃபிரெட்டுகளை நீக்கிய 1962 ஜாஸில் பாடவைத்தது அந்தக் குரலை.

சரி, கடையை விட்டுக் குழுவுக்கு வாருங்கள். ஒத்திகையில் முதலில் ஜாஸை, இரண்டு பிக்கப்பும் திறந்த நிலையில் வாசித்தேன். கீபோர்டில் இடது கை இறங்கியதும், கிட்டார் கார்டு அடிக்க ஆரம்பித்ததும் பேஸைக் காணோம். ஆம்ப்பில் சத்தத்தை ஏற்றினால் அறை அதிர்கிறதே தவிர என்ன ஸ்வரம் வாசிக்கிறேன் என்பது எனக்கே தெரியவில்லை. பிறகு ப்ரிசிஷனை மாட்டி, டோனைப் பாதி இறக்கி, முன்பைவிடக் குறைந்த சத்தத்தில் வாசித்தேன். டிரம்ஸ் தம்பி குச்சியை நிறுத்திவிட்டு, “அண்ணே, இப்பதான் நீங்க என்ன வாசிக்கிறீங்கன்னே கேக்குது” என்றான். தனியாகக் கேட்டபோது உறுத்திய அதே லோ-மிட்தான், கூட்டத்தில் பேஸைத் தூக்கி நிறுத்தியது.

ஜாஸிலும் இதற்கு வழி இருக்கிறது. ஒரு பிக்கப்பின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் காணாமல் போன நடுப்பகுதி திரும்பி வரும். கூடவே இன்னொருவரும் வருவார்: ஹம் என்ற மின்சார இரைச்சல். ஜாஸின் இரண்டு பிக்கப்புகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை. இரண்டும் சமமாகத் திறந்திருக்கும்வரை ஒன்றின் இரைச்சலை மற்றது அடக்கிவிடும். சமநிலை குலைந்தால் உறுமல் தொடங்கும். ப்ரிசிஷனுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதன் இரு துண்டுகளும் தங்களுக்குள்ளேயே அந்த வேலையை முடித்துக்கொள்கின்றன. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். ஆகவே ஜி-யில் பாட்டு என்றால் ஹம்மும் ஓரளவு சுருதி சேர்ந்துகொள்ளும், ஜி ஷார்ப்பில் என்றால் வம்பு! சிரிப்புக்காகச் சொல்கிறேன் என்றாலும், எர்த் சரியில்லாத கல்யாண மண்டபத்தில், சீரியல் விளக்குகளுக்கு நடுவே வாசித்தவர்களுக்கு இது சிரிப்பு இல்லை.

இதை வைத்து ‘ப்ரிசிஷன் என்றால் மொத்தை, ஜாஸ் என்றால் தெளிவு’ என்று பெட்டி கட்டிவிடவும் முடியாது. டெட்ராய்ட்டின் மோடவுன் கம்பெனி இசைத்தட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது 1962 ப்ரிசிஷன். கம்பிகள் வழவழப்பான ஃப்ளாட்வுண்ட், மீட்டியது வலது கையின் ஒற்றை ஆள்காட்டி விரல். ஒலி மெத்தென்று, உருண்டையாக இருக்கும். ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸும் ப்ரிசிஷன்தான், அவரும் ஃப்ளாட்வுண்ட் கம்பிதான். ஆனால் அவர் விரலில் அது குதிரை ஓடுவது போலக் கடகடக்கிறது. கருவியும் கம்பி வகையும் ஒன்று, குரல் இரண்டு.

நம்மவர்களில் பலருக்கு பேஸ் என்ற ஒன்று காதில் விழுந்ததே இளையராஜா பாட்டுகளில்தான். அங்கே பேஸ் தாளத்துக்குத் துணையாக மட்டும் நிற்காது, பாடகருக்கு எதிரே இன்னொரு மெட்டாகவே நடந்துபோகும். அந்த வரிகளை வாசிக்க ஆசைப்பட்டு பேஸ் வாங்குகிறவர்கள் என்னிடம் கேட்டால், மேல் ஃபிரெட்டுகளில் ஒவ்வொரு ஸ்வரமும் துலக்கமாகக் கேட்க வேண்டும் என்பதால் ஜாஸ் பக்கம் கொஞ்சம் சாய்வேன். வீட்டில் தனியாக, ஹெட்போனில், பாட்டோடு சேர்ந்து வாசிப்பவர்களுக்கும் அதுவே. மேடைக் குழு, சர்ச் குழு, ராக் பேண்ட் என்றால் யோசிக்காமல் ப்ரிசிஷன்.

மூன்றாவதாக ஒரு வழி, பி-ஜே. நெக் பக்கம் ப்ரிசிஷன் பிக்கப், பிரிட்ஜ் பக்கம் ஜாஸ் பிக்கப். யமஹாவின் பிபி வரிசையில் இந்த அமைப்பைப் பார்க்கலாம். காகிதத்தில் இரண்டின் நன்மையும் ஒன்றில். நடைமுறையில், முன்பக்கப் பிக்கப்பின் ஒலி பெருசு, பின்னது சிறுசு. இரண்டையும் சேர்த்தால் ஜாஸின் அந்த அகலம் அப்படியே வந்துவிடுவதில்லை. பெரும்பாலானோர் முன்பக்கத்தையே வைத்து வாசித்து, தேவைப்படும்போது பின்னதைக் கொஞ்சம் தொட்டுக்கொள்கிறார்கள். ஒரே ஒரு பேஸ்தான் வாங்க முடியும், என்ன வாசிப்போம் என்று இன்னும் முடிவாகவில்லை என்றால் நியாயமான தேர்வு.

ஆக்டிவ் பேஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1976இல் மியூசிக் மேனின் ஸ்டிங்ரே வந்ததிலிருந்து, உள்ளே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் (ஒலியைக் கூட்டும் சிறு சர்க்யூட்) வைத்த பேஸ்களுக்குத் தனி மவுசு. பேஸ், டிரெபிள் குமிழ்களைத் திருப்பியதும் கடையே அதிரும், முதல் பார்வையில் எல்லாரையும் தோற்கடிக்கும். கேபிள் சொருகியிருக்கும்வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். வாசித்து முடித்ததும் பிடுங்கி வைக்காவிட்டால், அடுத்த நிகழ்ச்சியில் இரண்டாவது பாட்டிலேயே குரல் கம்மும்.

எதை எடுத்தாலும் பெட்டியிலிருந்து வந்தபடியே வாசித்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். 45-105 எனப்படும் கனத்தில் உள்ள கம்பிகள் நான்கும் சேர்ந்து நெக்கை ஏறக்குறைய 80 கிலோ விசையில் இழுக்கின்றன. நம் மழைக்கால ஈரத்தில் மரம் வேறு அசையும். முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எட்டாவது ஃபிரெட் அருகே கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். அதிகம் இருந்தாலோ, இல்லவே இல்லை என்றாலோ நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருப்ப வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். பழக்கமில்லை என்றால் இப்படிச் சரிசெய்யும் செட்டப் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். நண்பரின் ஜாஸ் ‘கைக்கு லேசு’ என்று நாங்கள் நினைத்ததில் பாதி, அது நன்றாக செட்டப் செய்யப்பட்டிருந்ததால். என்னுடையதையும் சரிசெய்த பிறகு அந்த வித்தியாசம் பாதியாகிவிட்டது.

கடைக்குப் போகும்போது உங்கள் குழு வாசிக்கும் ஒரு பாட்டை, பேஸ் நீக்கிய டிராக்காகக் கிடைத்தால் இன்னும் நல்லது, போனில் எடுத்துப் போங்கள். போன் ஸ்பீக்கரில் வேண்டாம். திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், அந்த ஆழம் அதில் வரவே வராது. பல சிறிய பேஸ் ஆம்ப்களில் ஆக்ஸ் துளை இருக்கும், அதில் சொருகச் சொல்லுங்கள். பாட்டோடு சேர்த்து இரண்டையும் வாசியுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பணம் நம்முடையது.