பாளையங்கோட்டையில் ஏழு தையல்

வலது தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே, முதுகில் பெரிய நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி எனக்கு நான்கு வருடமாக இருந்தது. நடுவில் ஒரு கரும்புள்ளி. வலி கிடையாது. ஆனால் கார் சீட்டில் சாய்ந்தால் உறுத்தும், பை மாட்டினால் பட்டை அதன் மேலேயே விழும். லெஸ்டரில் எங்கள் குடும்ப மருத்துவர் இரண்டு முறை பார்த்துவிட்டு, தீங்கில்லாத தோல்கட்டிதான், அப்படியே விட்டுவிடலாம் என்றார். பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையில் இந்த மாதிரிக் கட்டியைப் பெரும்பாலும் அழகுக்காக எடுக்கிற கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அதனால் போன வருடம் பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, அங்கேயே எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஜூலை 26 திருவனந்தபுரத்தில் இறங்கி, காரில் பாளையங்கோட்டை. ஆகஸ்ட் 17 திரும்ப டிக்கெட். இதே எண்ணத்தோடு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் இந்த இரண்டு தேதிக்கு நடுவில் உள்ள நாட்களைத்தான் முதலில் எண்ண வேண்டும். நான் கட்டி எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று மட்டும் கேட்டுவைத்திருந்தேன். தையல் பிரிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

முகத்துத் தையலை ஐந்தாறு நாளில் பிரித்துவிடுவார்கள். தலையில் என்றால் ஏழிலிருந்து பத்து நாள். முதுகுத் தோல் தடிமன், கையை அசைத்தாலே இழுபடும். அதனால் பத்திலிருந்து பதினான்கு நாள் விட்டுத்தான் பிரிப்பார்கள். சீக்கிரம் பிரித்தால் வாய் பிளக்கும். ரொம்ப நாள் விட்டால் நூல் அழுத்தின இடமெல்லாம் தண்டவாளக் கட்டை மாதிரிக் குறுக்குக் கோடு விழும். வந்திறங்கின மூன்றாம் நாளே நான் டாக்டரைப் பார்த்துவிட்டது என் அதிர்ஷ்டம். ஒரு வாரம் உறவுக்காரர் வீடுகளைச் சுற்றிவிட்டுப் போயிருந்தால் நூலோடுதான் விமானம் ஏறியிருப்பேன்.

மருத்துவமனையின் பெயர் வேண்டாம். குறையும் சொல்லப் போகிறேன். சின்ன இடம், கீழே மருந்துக்கடை, மாடியில் ஆபரேஷன் தியேட்டர். திங்கட்கிழமை டாக்டர் பார்த்தார், அன்றே சர்க்கரையும் ரத்தமும் சோதித்தார்கள், புதன்கிழமை காலை ஆபரேஷன். அறுவை வேலையில் எந்தக் குறையும் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டபோது மட்டும் எரிந்தது, பிறகு யாரோ துணியை இழுப்பது போல இருந்ததே தவிர வலிக்கவில்லை. கட்டிக்கு ஒரு பை உண்டு, அதில் துளி மிச்சம் நின்றாலும் மறுபடி வளரும், அதனால்தான் பிதுக்கக் கூடாது என்று டாக்டர் அறுத்துக்கொண்டே விளக்கினார். நாற்பது நிமிடத்தில் முடிந்தது. உள்ளே தானாகக் கரையும் நூல், வெளியே கறுப்பு நைலானில் ஏழு தையல்.

குறை அதற்குப் பிறகு. எடுத்த கட்டியை லேபுக்கு அனுப்பியாயிற்றா என்று நான் கேட்டபோதுதான் அது மருந்துத் தண்ணீர் பாட்டிலில், பெயர்ச்சீட்டு இல்லாமல், மேசை ஓரத்தில் இருப்பது தெரிந்தது. நான் நின்றுகொண்டே இருந்து, என் பெயர், வயது, தேதி எல்லாம் எழுதி ஒட்ட வைத்துவிட்டுத்தான் படி இறங்கினேன். நான்கு நாளில் ரிப்போர்ட் வந்தது, சாதாரணக் கட்டிதான். ஆனாலும் எனக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை. பெயரில்லாத பாட்டில் இன்னொருவர் பாட்டிலோடு மாறிப்போனால் இரண்டு குடும்பத்துக்கு ஆபத்து. எந்தக் கட்டி எடுத்தாலும் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், சீட்டு ஒட்டுவதைக் கண்ணால் பாருங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

பரிசோதனை, மருந்து எல்லாம் சேர்த்து மொத்தம் 13,400 ரூபாய் ஆனது. என் பிரிட்டன் கார்டை அங்கே எடுக்கவில்லை. தம்பி தன் ஃபோனிலிருந்து கட்டினான். பயணக் காப்பீட்டில் இதைக் கேட்க முடியாது. நாமாகத் திட்டமிட்டுச் செய்துகொள்கிற அறுவை அதில் பொதுவாகச் சேராது.

ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றப் போனேன். அந்தப் பதினைந்து நாளில் டாக்டரைப் பார்த்தது மொத்தம் பத்து நிமிடம் இருக்கும். என் முதுகைக் காப்பாற்றியது டிரெஸ்ஸிங் அறையில் இருந்த சிஸ்டர்தான். முப்பது வயதுக்குள்தான் இருப்பார். முதல் நாள் கட்டைப் பிரிக்கும் முன்னாலேயே, “அக்கா, இடது கையக் காட்டுங்க” என்றார். எதற்கென்று புரியாமல் ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டினேன். பிறந்தபோது காசநோய் வராமல் இருக்கப் போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பைத் தடவிப் பார்த்தார். அப்புறம் காதுமடலைத் திருப்பிப் பார்த்தார். “காது குத்தின இடம் தடிச்சு வளரலயே? வீட்ல யாருக்காவது தழும்பு புடைச்சு வளர்ந்திருக்கா?” என்று கேட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. அவர் கேட்கவில்லை.

நம்மைப் போல மாநிறமும் கறுப்பும் உள்ள தோலில் சிலருக்கு வடு, வெட்டின எல்லையைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகும். அதுதான் கீலாய்டு. நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். பக்கத்துத் தோலைப் பற்றிக்கொண்டு பரவுவது அப்படித்தான் இருக்கும். நெஞ்சு, தோள், மேல்முதுகு, காதுமடல் எல்லாம் அது அதிகம் வரும் இடங்கள். என் கட்டியும் மேல்முதுகில்தான். குடும்பத்தில் யாருக்காவது அப்படி உண்டென்றால், தொந்தரவு தராத கட்டியை எடுக்கத்தான் வேண்டுமா என்று முதலிலேயே டாக்டரிடம் பேசிக்கொள்வது நல்லது.

வீட்டில் வேறு போராட்டம். அம்மா மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு நின்றார். சித்தி கத்தரிக்காய், கருவாடு, தக்காளி எல்லாம் ஆகாது, சீழ் வைக்கும் என்று ஒதுக்கினார். என்னைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்களிடம் முகத்தில் அடித்தாற்போலச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மாவையே சிஸ்டரிடம் அழைத்துப்போனேன். “தைச்ச இடத்துல பொடி போட்டா உள்ள தங்கி அழுக்கு சேரும்மா, மஞ்சளைக் குழம்புல போடுங்க. தினம் ஒரு முட்டை, மீனு, பருப்பு, ஒரு கொய்யாப்பழம் குடுங்க” என்றார் அவர். அம்மா அதைக் கேட்டுக்கொண்டார். கொய்யாப்பழம் சும்மா சொன்னதல்ல. வைட்டமின் சி இல்லாமல் தோலைப் பிணைக்கும் நார் உருவாகாது. அந்தக் காலத்தில் கப்பலில் மாதக்கணக்காகக் காய்கனி இல்லாமல் கிடந்த மாலுமிகளுக்கு, என்றோ ஆறின பழைய புண்கூட வாய் திறந்திருக்கிறது.

நடுவில் குற்றாலம் சீசன். பிள்ளைகள் ஐந்தருவியில் குளிக்க, நான் சாரலில் குடையோடு நின்றேன். வருடத்துக்கு ஒருமுறை வருகிறவளுக்கு அது பெரிய வருத்தம்தான். ஆனால் அத்தனை வேகத்தில் விழும் தண்ணீரை ஒன்பது நாள் தையல் தாங்காது.

ஆகஸ்ட் 14 சிஸ்டர் தையல் பிரித்தார். முடிச்சைத் தூக்கி, தோலை ஒட்டி ஒரு பக்கம் மட்டும் வெட்டி, வெளியே கிடந்த நூல் உள்ளே போகாதபடி இழுத்தார். எறும்பு கடித்த மாதிரி ஏழு முறை. மேலே குறுக்காக ஒட்டுத்தாள் வரிசை. “மூடியாச்சுன்னு நினைக்காதீங்கக்கா, உள்ள இன்னும் பச்சைதான், கனம் தூக்கக் கூடாது” என்று இரண்டு முறை சொன்னார். இரண்டு வாரத்தில் அந்த இடத்துக்குப் பழைய தோலின் வலுவில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மூன்று மாதம் போனால் ஏறக்குறைய எண்பது சதவீதம் வரும். முழு வலு திரும்புவதே இல்லை.

இவ்வளவு கேட்டும் விமான நிலையத்தில், பின்னால் வரிசை நிற்கிறதே என்று பெட்டியை நானே தராசில் தூக்கி வைத்தேன். உள்ளே சுரீரென்றது. வாய் பிளக்கவில்லை. ஆனால் வடுவின் ஒரு முனை மட்டும் மற்ற இடத்தைவிட அகலமாகிவிட்டது. தையல் பிரிக்கும் நாளும் பயண நாளும் இவ்வளவு ஒட்டி வராமல் இன்னும் ஒரு வாரமாவது விட்டிருக்க வேண்டும். பெட்டி தூக்க ஆள் கேட்டிருக்கவும் வேண்டும்.

ஊரிலிருந்து கிளம்பும் முன் இன்னொன்றைக் கேட்டு வாங்குங்கள். என்ன ஆபரேஷன், எந்த நூல், எத்தனை தையல், எப்போது பிரித்தது, ரிப்போர்ட் என்ன என்று ஒரே தாளில் எழுதி, முத்திரையோடு. எனக்குத் தந்த சீட்டில் மருந்துப் பெயர் மட்டும்தான் இருந்தது. கேட்ட பிறகு எழுதித் தந்தார்கள். லெஸ்டரில் நர்ஸ் முதலில் கேட்டதே அந்தத் தாளைத்தான்.

இரண்டாம் மாதம் வடு சிவந்து, தடித்து, ராத்திரி அரிப்பெடுத்தது. பயந்து போட்டோ எடுத்து சிஸ்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அங்கே அப்போது இரவு பதினொன்று இருக்கும், உடனே பதில் வந்தது. வடு வெட்டின கோட்டைத் தாண்டவில்லை, பயப்பட வேண்டாம், சிலிக்கான் ஜெல் இரண்டு வேளை, வெயில் படாமல் துணி போட்டு மூடுங்கள் என்று. அப்படித் தாண்டினால் மட்டும் தோல் டாக்டரிடம் போய் வடுவுக்குள்ளேயே போடும் ஸ்டீராய்டு ஊசி பற்றிக் கேட்கச் சொன்னார்.

இப்போது எட்டு மாதம். அரிப்பு நின்றுவிட்டது. சிவப்பு போய்ப் பழுப்பாகி, தொட்டால் அந்த அகன்ற முனை மட்டும் கையில் படுகிறது. என்னால் எட்டாது, கணவர்தான் தினம் ஜெல் தடவி விடுகிறார். போன வாரம் மறுபடி போட்டோ அனுப்பினேன். “நல்லா படிஞ்சிருச்சுக்கா. ஒரு வருசம் வரைக்கும் நிறம் மாறும். அம்மா சௌக்கியமா இருக்காங்க, நேத்து பிரஷர் பார்க்க வந்தாங்க” என்று எழுதியிருந்தார்.