மலிவு விலை ஏர் ரைஃபிளுக்கு எந்த பெல்லட் ஒத்துப்போகும்?

பேரலை மடக்கி ஒவ்வொரு பெல்லட்டாக (சின்னக் குண்டு) போட்டுச் சுடும் 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வாங்கியதும் பலரும் அடுத்து ஸ்கோப் தேடுவார்கள். அந்தப் பணத்தில் முதலில் நாலு வகை பெல்லட் டின் வாங்குங்கள். விலை குறைந்த ரைஃபிள்களில் பேரலின் உள்ளளவு மயிரிழையாவது மாறும். அதனால் நண்பரின் ரைஃபிளில் ஒரே இடத்தில் விழும் பெல்லட், அதே மாடல் வைத்திருக்கும் உங்களிடம் சிதறலாம்.

10 மீட்டருக்குத் தட்டை மூக்கு பெல்லட்தான் என் தேர்வு. காகித அட்டையில் விளிம்பு சுத்தமாக வட்டத் துளை போடும், மதிப்பெண் பார்ப்பது சுலபம். 7 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) எடையுள்ள ஆர்.டபிள்யூ.எஸ். ஹாபி, போட்டித் தர பெல்லட்டுகளைவிட மலிவு. சக்தி குறைந்த ரைஃபிளுக்கும் பொருந்தும் எடை. ஆனால் தட்டை முகம் காற்றை அதிகம் எதிர்ப்பதால் வேகம் சீக்கிரம் விழும். 25 மீட்டரைத் தாண்டினால் இதை நம்ப மாட்டேன்.

தூரம் கூடினால் உருண்டை மூக்குதான். இதில் இரண்டு பெயர்கள் அடிக்கடி மோதும்: செக் குடியரசின் ஜே.எஸ்.பி. எக்ஸாக்ட் 8.44 கிரெயின், ஜெர்மனியின் எச் அண்ட் என் ஃபீல்டு டார்கெட் டிராபி 8.64 கிரெயின். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டுமே ஒரே சீராக வரும். கவனிக்க வேண்டியது தலை அளவு. 4.50, 4.51, 4.52 மி.மீ. என்று தனித்தனியாகக் கிடைக்கும். பேரலில் வைக்கும்போது தொளதொளவென்று விழுந்தால் பெரிய அளவுக்குப் போங்கள். கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் உட்கார வேண்டும். ஜே.எஸ்.பி.யின் ஈயம் மென்மையானது, பேரலின் உள்ளே இருக்கும் சுருள் பள்ளங்களை (ரைஃபிளிங்) நன்றாகப் பிடிக்கும். அதே மென்மையால் பயணத்தில் பின்பக்க மெல்லிய விளிம்பு (ஸ்கர்ட்) நசுங்கியும் வரும். நசுங்கியதைத் தனியே எடுத்துவிடுங்கள்; ஒன்று கலந்தாலும் குரூப், அதாவது குண்டுகள் நெருங்கி விழும் கூட்டம், கெடும்.

கூர்முனை, குழிமுனை இரண்டும் வேட்டைக்காக வந்தவை. அட்டை சுடுவதற்கு அவற்றில் எந்த லாபமும் இல்லை. ‘அதிவேகம்’ என்று விற்கும் எடை குறைந்த உலோகக் கலவை பெல்லட்டுகளையும் தவிர்த்துவிடலாம். எடை போதாததால், ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் முனையில் மோதி அதிரும், ஸ்பிரிங்கும் சீலும் அடிவாங்கும். எதிர்ப்பக்கம் 10 கிரெயினுக்கு மேற்பட்டவை, சாதாரண ஸ்பிரிங்கின் பலத்துக்கு அதிகம். குறியிலிருந்து ரொம்பக் கீழே இறங்கும்.

நம் ஊர் மலிவு பெல்லட்? கை பழக, தகர டப்பா தட்ட, தாராளமாக. எடையும் ஸ்கர்ட்டும் ஒன்றுபோல் இல்லாத டின்னை வைத்து மட்டும் ரைஃபிளை எடைபோடாதீர்கள். நல்ல பேரல்கள் இப்படித்தான் கெட்ட பெயர் வாங்குகின்றன.

சோதிக்கும்போது ரைஃபிளை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பெல்லட் வெளியேறும் முன்பே பிஸ்டன் ரைஃபிளை முன்னும் பின்னும் உதைத்துவிடும். முன்கட்டையைத் திறந்த உள்ளங்கையில் சும்மா வைத்தால் அந்த உதை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும். டின் மாற்றினால் முதல் இருபது குண்டுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், பேரலில் புது ஈயம் படிய வேண்டும். அப்புறம் பத்துப் பத்தாகச் சுட்டு ஒப்பிடுங்கள்; மூன்று குண்டு நெருங்கி விழுவது தற்செயலாகவும் இருக்கும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், விரலில் இருப்பது ஈயம்.