தவறும் செலக்டரைக் காட்டிக்கொடுப்பது எது: செலினியம், சைப்ரஸ், பிளேரைட்

வலைப்பக்கத்தில் உள்ள பொத்தான், பெட்டி போன்ற ஓர் உறுப்பைச் சோதனை நிரலுக்குச் சுட்டிக்காட்டும் குறிப்பே செலக்டர். அது எதையுமே கண்டுபிடிக்காவிட்டால் சோதனை அந்த வரியிலேயே நின்றுவிடும். அதைத் திருத்துவது பெரிய வேலையன்று. தவறான உறுப்பைக் கண்டுபிடித்துவிட்டு, சில படிகள் தாண்டிய பின்னர் வேறோர் இடத்தில் சோதனை விழும்போதுதான் அரை நாள் கரைந்துபோகிறது. ஆகவே, சி.எஸ்.எஸ். செலக்டர் எங்கே பிசகியது என்பதை எவ்வளவு தெளிவாகச் சொல்கின்றன என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு உலாவியைத் தானாக இயக்கித் தளங்களைச் சோதிக்கும் இந்த மூன்று கருவிகளையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

கொழும்பில் நம் கைக்கு வரும் தளங்களில் மும்மொழித் தளங்கள் நிறைய. அப்படியொரு விண்ணப்பப் படிவத்தில், கைப்பேசித் திரைக்கு ஒன்றும் கணினித் திரைக்கு ஒன்றுமாக இரண்டு ‘சமர்ப்பி’ பொத்தான்கள் ஒரே கிளாஸ் பெயருடன் இருக்கின்றன என்றும், முதலில் வரும் கைப்பேசிப் பொத்தான் மறைக்கப்பட்டிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். செலினியம் முதற்பொருத்தத்தை எடுத்துக்கொண்டு, இரண்டாவது ஒன்று இருப்பதைப் பற்றி மூச்சுக்கூட விடாது. பின்னர் சொடுக்கும்போது, அந்த உறுப்புடன் ஊடாட முடியவில்லை என்ற பிழை வரும். அதைப் படிப்பவர் காத்திருப்பு நேரத்தைக் கூட்டிப் பார்ப்பாரே தவிர, செலக்டரைச் சந்தேகிக்க மாட்டார். இதைச் செலினியத்தின் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. உலாவியை வெளியிலிருந்து இயக்குவதற்கான விதிமுறையாக, 2018இல் டபிள்யூ3சி என்ற இணையத் தரநிலை அமைப்பின் தரநிலையான வெப்டிரைவரே, ஓர் உறுப்பைக் கேட்டால் முதலாவதைத் தரும்படிதான் வகுத்திருக்கிறது.

சைப்ரஸ் இரண்டையும் எடுத்துக்கொள்ளும். கட்டளைப் பதிவில் அந்த வரிக்குப் பக்கத்தில் 2 என்ற எண்ணையும் காட்டும். சொடுக்கச் சொன்னால், ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகளைச் சொடுக்க முடியாது என்று மறுத்துவிடும். பதிவிலுள்ள படியின்மேல் சுட்டியை வைத்தால், அந்த நேரத்தில் பக்கம் இருந்த நிலை கண்முன் வரும். பிளேரைட் இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஒரு செலக்டர் ஓர் உறுப்பையே சுட்ட வேண்டும் என்ற கண்டிப்பு முறை காரணமாக அங்கேயே நிறுத்தி, பொருந்திய உறுப்புகளை எச்.டி.எம்.எல். வடிவில் ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் தனித்துச் சுட்டக்கூடிய லொகேட்டர் (உறுப்பைத் தேட பிளேரைட் பயன்படுத்தும் குறிப்பு) எது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுகிறது. பிழைச் செய்தியிலேயே பாதி விடை கிடைத்துவிடுவதால், என் தேர்வு தயக்கமின்றிப் பிளேரைட்தான்.

காத்திருப்பிலும் வேறுபாடு உண்டு. செலினியத்தின் மறைமுகக் காத்திருப்பு (உறுப்புத் தோன்றும்வரை தானாகக் காத்திருக்கும் நேரம்) இயல்பாகச் சுழியம் என்பதால், செலக்டர் பிழையா, உறுப்புத் தாமதமா என்று பிழைச் செய்தியை வைத்துப் பிரித்தறிய இயலாது. சைப்ரஸ் 4 விநாடிகள் முயன்று பார்க்கும். பிளேரைட்டோ, சோதனைக்குரிய 30 விநாடிகளும் தீரும்வரை காத்திருந்து, எதற்காகக் காத்திருந்தது என்பதைப் பதிவாகத் தரும். ஓடி முடிந்த சோதனையைத் திரும்பப் பார்க்க உதவும் அதன் டிரேஸ் வியூவரில் ஒவ்வொரு செயலுக்கும் முன்னும் பின்னும் இருந்த பக்க நிலையைத் திறந்து, அங்கேயே செலக்டரை மாற்றிப் பார்க்கலாம்.

ஆனாலும் பிளேரைட்டின் லொகேட்டர் பரிந்துரையை நம் மும்மொழித் தளங்களில் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. பொத்தானின் பெயரைக் கொண்டு அது லொகேட்டர் எழுதித் தரும்போது, தமிழ்ப் பக்கத்தில் சரியாக ஓடும் சோதனை, மொழியைச் சிங்களத்துக்கு மாற்றியதும் விழுந்துவிடும். இவ்விடத்தில், செலக்டரைப் பரிந்துரைக்கும் சைப்ரஸின் செலக்டர் பிளேகிரவுண்ட் புத்திசாலி: சோதனைக்கென்றே உறுப்பில் இடப்பட்ட ‘டேட்டா-’ என்று தொடங்கும் பண்புகள் இருந்தால் முதலில் அவற்றைத்தான் எடுக்கும். அதற்கும் ஒரு பொறி உண்டு. சைப்ரஸ் ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலகம் வழியாகத் தேடுவதால், அங்கே வேலை செய்யும் ‘கன்டெயின்ஸ்’ போன்ற குறியீடுகளை உலாவியின் டெவ்டூல்ஸ் கொன்சோலில் (கட்டளைகளைத் தட்டிப் பார்க்கும் பலகத்தில்) ஒட்டினால் தொடரியல் பிழைதான் வரும். பிளேரைட்டுக்கும் இத்தகைய சொந்தச் சேர்க்கைகள் சில உள்ளன.

நிறுவுவதில் செலினியமே இலகு. கணினியில் ஏற்கெனவே உள்ள உலாவியைப் பயன்படுத்தும், 4.6 பதிப்பிலிருந்து, உலாவியை இயக்கத் தேவையான டிரைவரையும் தானே தேடிக்கொள்ளும். பிளேரைட் தனக்குரிய உலாவிகளைத் தனியாக இறக்கும். கைப்பேசி டேட்டாவில் வேலை செய்பவர்கள் குரோமியம் உலாவியை மட்டும் இறக்கிக்கொள்வது நல்லது.

மூன்றுமே கைவிரிக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு பண்பின் மதிப்பு ‘கொழும்பு’ என்று வைத்துக்கொள்வோம். அதன் ‘கொ’வில் உள்ள ஒகரக் குறி ஒரே குறியாகவும் பதிவாகியிருக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரு குறிகளாகவும் பதிவாகியிருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், சி.எஸ்.எஸ்.ஸோ குறியேற்றத்தை அப்படியே ஒப்பிடுவதால், அவற்றை இருவேறு சொற்களாகவே கருதும். எந்தக் கருவியும் ‘காணவில்லை’ என்பதற்குமேல் எதுவும் சொல்லாது. கொன்சோலில் அந்தச் சரத்தின் நீளத்தைக் கேளுங்கள்: முதல் வகைக்கு 8 என்றும் இரண்டாம் வகைக்கு 9 என்றும் வரும். தரவு சேமிக்கப்படும் இடத்திலேயே ஜாவாஸ்கிரிப்டின் ‘நார்மலைஸ்’ சார்பால் ஒருமைப்படுத்திவிட்டால், செலக்டரில் கைவைக்கத் தேவையிருக்காது.