ரிங் ரோட்டுப் பக்கம் வாட்டர் சர்வீஸ் விடப் போறீங்களா, கழுவுறவன் கைல இருக்குற துணிய மொதல்ல பாருங்க

கடை பேரு வேணாம், எதுக்கு வம்பு. மதுரைல காரு வச்சிருக்குறவங்க உஷாரா இருந்துக்கங்கன்னு தான் இத எழுதுறேன்.

என் வண்டி கருப்பு, எடுத்து அஞ்சு மாசம் தான் ஆகுது. கருப்பு எடுக்காதடா மெயின்டெயின் பண்ண முடியாதுன்னு மச்சான் தலபாடா அடிச்சுக்கிட்டான், கேக்கல. போன மாசம் மேலூர் பக்கம் ஒரு காதுகுத்துக்கு போயிட்டு வந்தோம், அங்குட்டு கிரானைட் லாரி போற ரோடு வேற, வண்டி பூரா வெள்ளப் புழுதி. சரி ஒரு வாஷ் விட்ருவோம்னு போனா 600 ரூவா, ஃபோம் வாஷ், உள்ள வேக்குவம், டயர் பாலிஷ்னு சொன்னாய்ங்க, விட்டுட்டேன்.

தண்ணிய பேருக்கு ரெண்டு சுத்து அடிச்சாய்ங்க, நுரைய அடிச்சாய்ங்க, அது ஊறி இறங்குறதுக்குள்ள ஒரு பய ஸ்பாஞ்ச எடுத்து தேய்க்க ஆரம்பிச்சுட்டான், அதே ஸ்பாஞ்சுல வீலையும் தேச்சான், கீழ சிமெண்ட் தரைல போட்டான், எடுத்து அலசக்கூட இல்ல நேரா பானெட்டுக்கு வந்துட்டான். வீல்ல இருக்குறது வெறும் அழுக்கு இல்லங்க, பிரேக் தேஞ்ச இரும்புத்தூளு. கடைசியா துடைக்கிறதுக்கு பனியன் வேஸ்ட், அதான் மெக்கானிக் கடைல கை துடைப்பாங்களே அது. எதுக்க உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இம்புட்டையும் பாத்துக்கிட்டே தான் இருந்தேன், வாயத் தொறக்கல, அது என் தப்பு.

வெயில்ல பளபளன்னு தான் இருந்துச்சு. ராத்திரி பெட்ரோல் பங்க்ல நிக்கும்போது மேல இருக்குற வெள்ள லைட்டு பானெட்ல விழுந்துச்சு பாருங்க, லைட்ட சுத்தி வட்ட வட்டமா சிலந்தி வலை பின்னுன மாதிரி கீறல், ரெண்டு கதவுலயும் இருக்கு, கூரைலயும் இருக்கு.

மறுநாள் போய் கேட்டா ஓனரு, "தம்பி கருப்பு வண்டின்னா அப்படித்தான் தெரியும், ஒரு 2500 குடுங்க, மெஷின்ல ரப்பிங் பாலிஷ் போட்டு கண்ணாடியாட்டம் ஆக்கிருவோம்"னாரு. கெடுத்தவன்கிட்டயே காசு குடுத்து சரி பண்ணச் சொன்னேன் பாருங்க, என்னைய என்ன சொல்றது. வண்டிய திரும்ப வாங்கும்போது நெசமாவே கண்ணாடி தான். மூணு வாரம், ரெண்டு மழை, வீட்டுல ஒரு ஷாம்பு வாஷ், அம்புட்டுத்தான், பழைய கீறல் பூரா திரும்ப வந்துருச்சு, கூடவே மெஷின் ஓட்டுன தடம் வேற அலை அலையா.

தெரிஞ்ச பெயின்டர் அண்ணன் ஒருத்தர்ட்ட காட்டுனேன். பாத்த உடனே சொல்லிட்டாரு, பாலிஷ்ல இருக்குற எண்ணெயும் மெழுகும் கீறலுக்குள்ள போய் உக்காந்துக்கிட்டு மறைக்கும், கழுவக் கழுவ வெளிய வந்துரும்னு. கலருக்கு மேல இருக்குற கிளியர் கோட்டு பொதுவா 40, 50 மைக்ரான் தானாம், நம்ம தலமுடியே கிட்டத்தட்ட 70 இருக்கும். ரப்பிங் போடப் போட அதுல தான் தேயுது, தேஞ்சது தேஞ்சது தான். அதனால சும்மா சும்மா மெஷின் போட விடாதீங்க தம்பின்னாரு.

இப்ப நானே தான் கழுவுறேன். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, பானெட் சூடு இல்லாதப்ப. நம்ம ஏரியா போர் தண்ணி உப்பு, சூட்டுல காஞ்சா வெள்ளப் பொட்டு விழுந்துரும். மொதல்ல கைய வைக்காம தண்ணிய மட்டும் மேலருந்து கீழ நல்லா அடிச்சு மண்ண இறக்கிடணும், கீறல் போடுறதே அந்த மண்ணு தான். ரெண்டு வாளி, ஒண்ணுல கார் ஷாம்பு, ஒண்ணு தேய்க்குற துணிய அலசுறதுக்கு, வீலுக்கு தனி துணி. பாத்திரம் கழுவுற லிக்விட ஊத்தாதீங்க, மேல இருக்குற வேக்ஸ உரிச்சுரும். துடைக்கிறதுக்கு தடிச்ச மைக்ரோஃபைபர் துண்டு, அத அழுத்தித் தேய்க்காம விரிச்சுப் போட்டு பைய இழுத்தா தண்ணிய உறிஞ்சிரும், தரைல விழுந்துச்சுன்னா அன்னைக்கு அந்தத் துண்டு பாடிய தொடக்கூடாது. ஆங், காலைல காஞ்ச துணிய வச்சு தூசி தட்டுறாங்களே அபார்ட்மென்ட்ல, அதுவும் இதே வேலைய தான் பாக்கும்.

போன வாரம் பைக்ல அந்தக் கடையத் தாண்டிப் போனேன், புது காரு ஒண்ணு நிக்குது, டேஷ்போர்டு கவரு கூட கிழிக்கல, அதே பய, அதே பனியன் வேஸ்ட். மனசு கேக்காம நிறுத்தி அந்தக் காருக்காரர்ட்ட, அண்ணே அந்தத் துணிய கொஞ்சம் பாருங்கன்னேன். அவரு என்னைய ஏற இறங்கப் பாத்துட்டு, "நம்மளது வெள்ளக் காரு தம்பி, கீறல் தெரியாது"ங்குறாரு.