ஒரு பிள்ளையார் விமானம் ஏறினார், ஒருவர் வீட்டிலேயே இருந்துவிட்டார்

மெல்பர்னில் வீடு வாங்கிவிட்டோம் என்று போனில் சொன்னதும் அம்மா கேட்டது, "பூஜையறைப் பிள்ளையாரை எப்போ வந்து எடுத்துட்டுப் போறே?" என்றுதான். கும்பகோணம் வீட்டில் ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் பஞ்சலோகப் பிள்ளையார். கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து இருக்கிறார் என்பதற்கு மேல் அவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்தால் முடிந்தது என்ற நினைப்பில்தான் மூன்று வார லீவில் ஊருக்குப் போனேன்.

பீடத்தில் சின்ன விரிசல். அதைச் சரிசெய்யலாம் என்று சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியிடம் எடுத்துப் போனேன். அவர் விரிசலைப் பார்க்கவே இல்லை. முதுகைத் தடவினார், அடியில் பார்த்தார், தும்பிக்கை மடிப்பில் விரலை ஓட்டினார். "தம்பி, பூஜைக்குன்னா பத்து நிமிஷ வேலை. வெளிநாட்டுக்குன்னா நான் தொடமாட்டேன். நூறு வருஷம் தாண்டியிருக்கும் போலத் தெரியுது."

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் புதையல் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத சிலை தொல்பொருள். கோயிலுடையதா, வீட்டுடையதா என்ற வேறுபாடே அதில் கிடையாது. தனி ஆள் யாரும் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. "நம்ம வீட்டுப் பிள்ளையாரை நாம தூக்கிட்டுப் போனா ஜெயிலா?" என்று அப்பாவுக்குக் கோபம். எனக்குக் கோபப்பட வாயில்லை. ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜர், நான் குடியிருக்கும் நாட்டின் தேசியக் கலைக்கூடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். 2014இல்தான் திரும்பி வந்தார். அதேபோல வெளிநாட்டுக்குக் கடத்தப்பட்ட பத்தூர் நடராஜருக்காக லண்டன் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அவர் வந்து சேர்ந்தது 1991இல்.

இதற்கு நடுவே ஒரு பார்சல் ஏஜெண்டும் வந்து சேர்ந்தார். "பித்தளை அலங்காரப் பொருள்னு எழுதிடலாம் சார், தினமும் அனுப்புறதுதான்" என்றார். மாட்டினால் பெயர் என்னுடையது, அவருடையது இல்லை. டீயை மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

சரி, புதுப் பிள்ளையார்தான் என்று முடிவானது. மெழுகில் உருப்பிடித்து, வண்டல் மண் பூசி, சுட்டு, உலோகம் ஊற்றி, பிறகு உளியால் செதுக்கி முடிக்க என் லீவு போதாது. வார்ப்பு முடிந்து செதுக்கல் மட்டும் பாக்கியிருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். உள்ளே வெற்றிடம் இல்லாத கனவார்ப்பாகவே கேட்டு வாங்கினேன். உள்ளே கூடாக இருக்கும் பொள்ளல் வார்ப்பில் களிமண் தங்கியிருக்கலாம். ஆஸ்திரேலியாவில் மண் என்றாலே பெட்டியைத் திறந்துவிடுவார்கள். "பழசு மாதிரி பச்சை பூசித் தரட்டுமா, ஃபாரின்ல அதுதான் கேக்குறாங்க" என்றார் ஸ்தபதி. வேண்டவே வேண்டாம் என்றேன். புதுச் சிலைக்குப் பழைய வேஷம் போட்டுவிட்டு விமான நிலையத்தில் நின்று அதைப் புதுசு என்று நிரூபிப்பதைப் போல முட்டாள்தனம் வேறு இல்லை.

பில்லில் உலோகம், உயரம், எடை, செய்த ஆண்டு எல்லாம் எழுதி வாங்கினேன். அதோடு, தொல்பொருள் ஆய்வுத் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழும் வாங்கிக்கொண்டேன். சென்னை வட்ட அலுவலகம் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. விண்ணப்பம், சிலையின் போட்டோ பிரதிகள், அளவுகள், அப்புறம் சிலையையே நேரில் காட்ட வேண்டும். போவதற்கு முன் கேட்டுவிட்டுப் போவது நல்லது; கிளம்பும் நாளுக்கு முந்தைய நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். பார்த்தாலே புதுசு என்று தெரியும் பொருளுக்கு இது எதற்கு என்று உறவினர்கள் கேட்டார்கள். சுங்கத்தில் நிற்கிற அதிகாரி ஸ்தபதி இல்லையே. அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சிலை அங்கேயே நின்றுவிடும், விமானம் நிற்காது.

கிளம்பும் அன்று அம்மா சிலையைச் சுற்றி ஒரு பிடி நெல், தர்ப்பை, வெற்றிலை, மஞ்சள் கிழங்கு, போதாததற்கு இரண்டு மயிற்பீலி. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். முளைக்கிற எதையும் அந்த ஊரில் உள்ளே விடமாட்டார்கள், மயிற்பீலியை நம் ஊரே வெளியே விடாது. அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. விபூதி மட்டும் ஒரு காகிதப் பொட்டலத்தில் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டேன்.

ஆறு கிலோ. கைப்பெட்டிக்கு ஏழு கிலோதான் கணக்கு என்பதால் அதில் பிள்ளையார் மட்டும்தான். எக்ஸ்ரேயில் கறுப்புக் கட்டியாகத் தெரிந்தார். திறக்கச் சொன்னார்கள், காகிதத்தைப் பார்த்தார்கள், ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு மூடிக் கொடுத்தார். மெல்பர்னில் வருகை அட்டையில், அறிவிக்க வேண்டிய பொருள் இருக்கிறதா என்ற இடத்தில் 'ஆம்' என்று டிக் போட்டேன். விபூதிப் பொட்டலத்துக்குத்தான் விளக்கம் கேட்டார்கள். பசுஞ்சாணம் என்று சொல்லிவிட்டு அதைக் குப்பைத்தொட்டிக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பழையவர் பூஜையறையிலேயே இருக்கிறார். நூறு வருஷம் தாண்டிய உலோகச் சிலை வீட்டில் இருந்தால் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது; அப்பா இப்போது அதற்கான படிவத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பொருள் எப்படிக் கைக்கு வந்தது என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். "தாத்தாவோட அப்பா கொண்டுவந்தாருன்னு எழுதினா ஒத்துப்பாங்களாடா?" என்று நேற்று ராத்திரி போனில் கேட்டார்.